பாட்டியின் மைலோ டின்னும் மன்றத்தின் கருவூலமும்

(தம்பினில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



பால்மரம் வெட்டிய என் பாட்டிக்கு வங்கிக் கணக்கு கிடையாது. அடுப்படிப் பலகையில் மூன்று மைலோ டின்கள் இருக்கும். ஒன்றில் மளிகைக் காசு, ஒன்றில் பள்ளிக் காசு, மூன்றாவதில் தைப்பூசக் காசு. மாதக் கடைசியில் கடைக்காரர் கடன் கேட்டு வாசலில் நின்றாலும் பாட்டி மூன்றாவது டின்னைத் தொடமாட்டார். "அது முருகன் காசு" என்பார்.

உள்ளாட்சி மன்றத்தின் நிதி நிர்வாகமும் ஏறக்குறைய இதுதான்.

பெயர் எழுதிய பணம்

ஆண்டுக்கு இருமுறை நாம் கட்டும் 'சுக்காய் பிந்து' எனும் மதிப்பீட்டு வரியும், கடைகளின் உரிமக் கட்டணமும் மன்றத்தின் பொது நிதியில் சேர்கின்றன. 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் வகுத்த வழி அது. புல் வெட்டுவது, தெருவிளக்கு, ஊழியர் சம்பளம் என்று மன்றம் திட்டமிட்டு அதைச் செலவழிக்கலாம்.

ஆனால் பெயர் எழுதிய பணமும் உண்டு. 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 132ஆம் பிரிவு, மேம்பாட்டுச் சேவை நிதி என ஒன்றை வைத்திருக்கிறது. வீடமைப்பு நிறுவனங்களிடம் வாங்கும் இந்தப் பணம் சாலை, கால்வாய் போன்ற வேலைகளுக்கே உரியது. அதை எடுத்துச் சம்பளம் போட முடியாது. மகள் திருமணத்துக்கு மன்ற மண்டபத்தை எடுக்கும்போது நாம் கட்டும் வைப்புத் தொகையும் அப்படித்தான். மன்றத்திடம் இருந்தாலும் அது நம்முடைய பணம்.

ஆகவே, 'கையிருப்பு இத்தனை இருக்கிறதே, எங்கள் வேலையை ஏன் செய்யவில்லை?' என்று கேட்குமுன், அந்தக் கையிருப்பு எந்தெந்த டின்னில் இருக்கிறது என்று கேட்கவேண்டும்.

பதிவில் இல்லாத சாலை

தோட்ட மக்களின் கதை இன்னொரு டின்னில் இருக்கிறது. அதுதான் சாலை மானியம். கூட்டரசு அரசியலமைப்பின் 109ஆவது விதிப்படி, மத்திய அரசு அதை மாநிலங்களுக்குத் தருகிறது. பதிவான சாலைகளின் நீளத்தையும் பராமரிப்புச் செலவையும் வைத்துக் கணக்கிடுகிறார்கள். 'மாரிஸ்' என்ற பதிவேட்டில் சாலை இருந்தால் பணம் வரும். இல்லாவிட்டால் வராது.

தம்பின் ரயில் நிலையத்தில் இறங்கினால் நாம் நிற்பது மலாக்கா மண். சற்று தூரம் வந்தால் நெகிரி செம்பிலான். அங்கே அலோர் காஜா மன்றம், இங்கே தம்பின் மாவட்ட மன்றம். பார்வைக்கு ஒரே ஊர், டின்கள் மட்டும் வேறு. ரெப்பா, கெமெஞ்சே பக்கம் தோட்டத்துக்குள் நுழைந்தாலோ, நிர்வாகத்தின் தனியார் நிலத்தில் ஓடும் பாதைகள் எந்த டின்னிலும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நிகழ்ச்சிக்காக ஓர் உள்ளாட்சி மன்ற அதிகாரியிடம் தோட்டச் சாலையின் குழிகளைப் பற்றிக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பதிவேட்டைத் திறந்து காட்டினார். "இந்தச் சாலை இதில் இல்லை. இல்லாத சாலைக்குச் செலவு எழுதினால் கணக்காய்வாளருக்கு நான் பதில் சொல்லவேண்டும்" என்றார். அவர் சொன்னது நியாயம். மழைநாளில் அந்தச் சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போன பிள்ளை நான். என் கேள்வியும் நியாயம்.

இரண்டு நியாயங்களுக்கும் நடுவே என்ன செய்வது? தாத்தா படுக்கையில் விழுந்தபோது மருந்துக்கென்று எங்கள் வீட்டில் டின் இல்லை. பாட்டி தைப்பூச டின்னை உடைக்கவில்லை. நான்காவது டின் வைத்தார்.

நாமும் அதைத்தான் செய்யவேண்டும். வேறு பணத்தை எடுத்துக் குழியை மூடுங்கள் என்று கேட்டால், நாளை நம் பணத்தையும் வேறு எதற்கோ எடுப்பார்கள். பள்ளிக்கும் கோயிலுக்கும் போகும் பாதையைப் பொதுச் சாலையாக ஒப்படைத்துப் பதிவு செய்யுங்கள் என்று கேட்போம். பள்ளி வாரியமும் ஆலய நிர்வாகமும் சேர்ந்து தோட்ட நிர்வாகம், நில அலுவலகம், மன்றம் மூன்றுக்கும் எழுதட்டும். தோட்டம் கைமாறும்போதும் துண்டாடப்படும்போதும் இதை மறக்கக்கூடாது.

கணக்கைக் கேட்கும் உரிமை

உள்ளாட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய 1965இல் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. தலைமை வகித்தவர் நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று அந்த ஆணையம் பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. இன்றும் மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது.

வாக்கு இல்லை என்பதற்காக வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்திருக்கவேண்டும் என்று அதே 1976ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நம்மில் எத்தனை பேர் ஒருமுறையாவது போய் உட்கார்ந்திருக்கிறோம்?

பாட்டியின் டின்களுக்குப் பூட்டு கிடையாது. வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும் எதில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். அதனால்தான் யாரும் கைவைக்கவில்லை.