உறையின் மேல் எழுத்து

ஒரு மடலை உரியவரிடம் சேர்ப்பது உள்ளே எழுதிய செய்தியன்று; உறையின் மேல் எழுதிய குறிப்பேயாம். உள்ளிருப்பது மணவோலையா, கடன் கேட்கும் கடிதமா என்பதை அஞ்சலைப் பிரிப்பவர் அறியார். அறிய வேண்டுவதும் இல்லை. இந்தப் பழைய முறையே இன்று கணிப்பொறிகளுக்கிடையே ஓடும் செய்திகளையும் நடத்துகின்றது. பெங்களூரில் வாழ்ந்து, திங்கள்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பும் நாம் இதன் இயல்பை அறிந்திருத்தல் நலம்.

1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் நம் நாட்டில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு நடைமுறைக்கு வந்தது. பெங்களூரில் இடப்படும் மடலில் 625001 என்றிருப்பதாகக் கொள்வோம். முதல் இலக்கமான 6, மடல் தமிழகமும் கேரளமும் அடங்கிய பகுதிக்குரியது என்று சொல்லும். முதல் மூன்று இலக்கங்கள் மதுரையைக் காட்டும். எஞ்சிய மூன்றும் அஞ்சல் நிலையத்தைக் காட்டும். 'இன்ன குறி இருப்பின் இன்ன வழி' என்னும் நிபந்தனையே இதன் உயிர்நிலை.

வங்கிகளிடையே பணம் அனுப்பும் நெஃப்ட் முறை 2005ஆம் ஆண்டில் தொடங்கிற்று. இதில் உறையின் மேல் எழுத்தாக நிற்பது ஐ.எஃப்.எஸ்.சி. என்னும் பதினொரு குறிகள் கொண்ட குறியீடு. முதல் நான்கு எழுத்துகள் வங்கியைச் சுட்டும், ஐந்தாவது சுழியம், கடைசி ஆறும் கிளையைச் சுட்டும். வந்து குவியும் செய்திகளை ரிசர்வ் வங்கியின் தீர்வு மையம் வங்கிவாரியாகப் பிரித்து, அரை மணிக்கு ஒரு தொகுதியாக அனுப்புகின்றது.

தலைக்குறி மாறினால் வழியும் மாறவேண்டும் என்பதற்குப் பெங்களூரிலேயே சான்று உண்டு. இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கனரா வங்கியுடன் சிண்டிகேட் வங்கி 2020 ஏப்ரல் 1ஆம் நாள் இணைந்தது. எஸ்.ஒய்.என்.பி. என்று தொடங்கிய பழைய குறியீடுகள் 2021 ஜூன் 30 வரையில் செல்லுபடியாயின. அதன்பின் அவற்றின் எண்ணோடு 10,000 கூட்டி, முன்னே சி.என்.ஆர்.பி. என்று எழுதுவதே முறையாயிற்று. பதினைந்து திங்கள் இரு குறிகளும் ஒரே வங்கியின் வாயிலுக்கே வழிகாட்டின. சம்பளப் பட்டியலிலும் தவணை ஏற்பாட்டிலும் பழைய குறியைப் பதித்து வைத்திருந்தோர் அதனைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

இத்தகைய மென்பொருளை அமைப்போர் இரண்டு நெறிகளைப் போற்றுவர். சிறப்பான நிபந்தனையை முன்னும், பொதுவானதைப் பின்னும் வைத்தல் ஒன்று. பொதுவிதி முந்தினால் சிறப்புவிதிக்கு வேலையே இராது. எந்த நிபந்தனைக்கும் பொருந்தாத செய்தியைத் தொலையவிடாது, தனியிடத்தில் நிறுத்தி ஆராய்தல் மற்றொன்று. உரியவரைக் காணாத மடலை அஞ்சல் துறை அனுப்பியவருக்குத் திருப்புவது போல, நெஃப்ட் முறையிலும் வரவு வைக்க இயலாத பணம், அத்தொகுதி முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் திருப்பப்படல் வேண்டும்.

ஆயின் ஓர் அச்சம் எஞ்சுகின்றது. இல்லாத கணக்கின் எண்ணை எழுதினால் பணம் திரும்பும். பிறர் ஒருவருடைய கணக்கின் எண்ணைத் தவறி எழுதினால் திரும்பாது, அவரிடமே சென்றுவிடக்கூடும். ஏனெனில், வரவு வைத்தற்கு அடிப்படையாவது கணக்கு எண்ணே. நாம் எழுதிய பெயர் அன்று. உறையின் மேல் எழுத்தை மட்டும் நம்பும் முறையின் வலிமையும் விரைவே, குறைவும் விரைவே. இக்குறையைப் போக்கவே, கணக்குக்குரியவர் பெயரை முன்கூட்டியே காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1ஆம் நாளுக்குள் கட்டணமின்றி அளிக்குமாறு வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2024 டிசம்பர் 30ஆம் நாள் பணித்தது.

ஆதலால், பணம் அனுப்புமுன் திரையில் தோன்றும் பெயரைப் பொறுமையாகப் படிப்போம். புதிய கணக்காயின் முதலில் சிறு தொகையை அனுப்பி, சேர்ந்ததா என ஊரில் கேட்டறிவோம். பொறி குறியை மட்டுமே படிக்கும். அக்குறிக்குப் பின்னால் காத்திருக்கும் தாயையும் தந்தையையும் அறிந்தவர்கள் நாமே.