தலையைச் சுற்றிக் கட்டின மாதிரி ஒரு வலி
(நோன்புக்கு முந்தைய மாதம் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் பேசியது)

 

நான் டாக்டர் இல்லை, டிரஸ்ட் கணக்கு எழுதுகிறவன். ஆனால் உதவி கேட்டு வருகிறவர்களிடம் பேசும்போது அடிக்கடி காதில் விழுவது மண்டையிடி. கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நம்மில் பலருக்கு வருவது டென்ஷன் தலைவலி. நெற்றியிலிருந்து பிடரி வரை, இரண்டு பக்கமும், துணியால் இறுக்கிக் கட்டினது போல அழுத்தும். அரை மணி நேரத்திலும் போகும், ஏழு நாளும் நீடிக்கும். வாந்தி வராது. மாடிப்படி ஏறினாலும் கூடாது. ஒற்றைத் தலைவலி வேறு. அது விண் விண்ணென்று தெறிக்கும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது. டென்ஷன் தலைவலியோடு சோறும் ஆக்கலாம், தையல் மிஷினிலும் உட்காரலாம். அதனால்தான் நம் பெண்கள் வெளியே சொல்வதில்லை.

பெயரைக் கேட்டு மனக்கவலை மட்டும்தான் காரணம் என்று எண்ண வேண்டாம். தூக்கக் குறைவு, நேரம் தப்பிய சாப்பாடு, குனிந்தே வேலை பார்ப்பது, வெளிநாட்டு போனுக்காக நடுச்சாமம் வரை விழித்திருப்பது எல்லாம் சேரும். பிரஷர் என்றும் நினைப்பார்கள். பிரஷர் கூடியிருந்தாலும் பெரும்பாலும் தலை வலிக்காது. வலிக்காவிட்டாலும் அதைப் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

என் கதையைச் சொல்கிறேன். ஒரு வருஷம் மார்ச் கணக்கு முடிக்கையில் தினம் ஒரு மாத்திரை என்று ஆரம்பித்தேன். கணக்கு முடிந்தது, மாத்திரை முடியவில்லை. நாலைந்து மாதத்தில் காலையில் கண் விழிக்கும்போதே வலி. டாக்டர் கேட்டது, "மாசத்துக்கு எத்தனை நாள் மாத்திரை போடுறீங்க?" எண்ணிப் பார்த்ததே இல்லை. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதம் தாண்டிப் போட்டால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவருமாம். பல மருந்து கலந்த மாத்திரைக்கு 10 நாளே போதும். அவர் நிறுத்தச் சொன்னார். முதல் பத்து நாள் வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். பிறகு மெல்ல விட்டது.

கோடாலித் தைலம் தேய்ப்பதில் தவறில்லை. கைக்குழந்தைக்கு மட்டும் வேண்டாம்.

நோன்பு வருகிறது. நாளுக்கு நாலைந்து டீ குடிப்பவர்களுக்கு முதல் சில நாள் தலை வலிக்கும். டீயை ஒரேயடியாக நிறுத்துவதும் ஒரு காரணம். இப்போதிருந்தே ஒவ்வொரு கிளாஸாகக் குறையுங்கள். சஹரில் தண்ணீர் போதுமான அளவு குடியுங்கள்.

சில தலைவலிக்குக் காத்திருக்கவே கூடாது. இடி விழுந்தாற்போல் திடீரென வருவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, வாய் கோணுவது, கை கால் தளர்வது, பேச்சுக் குழறுவது, விழுந்து அடிபட்ட பின் வருவது: உடனே 108. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வரும் வலியையும், கர்ப்பிணிகளுக்கு வரும் வலியையும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். நம் நாசரேத்திலேயே செயின்ட் லூக்ஸ் ஆஸ்பத்திரி இருக்கிறது. தூத்துக்குடியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

வீட்டுக் காலண்டரில் வலித்த நாளுக்கு ஒரு புள்ளி, மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு வட்டம் போடுங்கள். டாக்டரிடம் அதைக் கிழித்துக்கொண்டு போனால் போதும். டிரஸ்ட் காலண்டர் வாங்காதவர்களுக்கு வாசல் மேசையில் வைத்திருக்கிறோம், வீட்டுக்கு ஒன்று.