கணிப்பொறியும் தேர்வு எழுத வேண்டும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



மென்பொருட் சோதனை பற்றிப் பேச பி.ஏ., பி.எட். படித்த ஒரு தலைமையாசிரியனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் எண்ணக்கூடும். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் சோஹோ நிறுவனம் 2011 ஆம் ஆண்டு அலுவலகம் திறந்த பின்னர், இத்தொழில் நம் வயல் வரப்பு வரை வந்துவிட்டது. கணிப்பொறிக்கான கட்டளைகளை ஒருவர் எழுதுவார். அவற்றில் உள்ள பிழையை மற்றொருவர் தேடுவார். அப்பணியே சோதனை. விடைத்தாள் திருத்திப் பழகிய எனக்கு அது அயலான தொழில் அன்று.

முதலில் என் தவறு ஒன்றைக் கூறிவிடுகிறேன். நான் முன்பு பணியாற்றிய பள்ளியொன்றில் உதவித்தொகைப் பட்டியலைக் கணிப்பொறி வழியே தயாரித்தோம். பதிவேட்டில் 42 பெயர்கள். கணிப்பொறி தந்ததோ 41. பாட்டியிடம் வளர்ந்த ஒரு மாணவிக்குத் தந்தை பெயருக்கான கட்டம் காலியாக இருந்தது. மென்பொருள் அதுபற்றிக் கேட்கவும் இல்லை, எச்சரிக்கவும் இல்லை, அப்பெயரை ஓசையின்றி விட்டுவிட்டது. கணிப்பொறி தவறு செய்யாது என்று நம்பிய நான், எண்ணிப் பாராமல் கையொப்பமிட்டேன். அவ்வாண்டு அப்பிள்ளைக்குப் பணம் வரவில்லை. “ஐயா, எம் புள்ள பேரு மட்டும் ஏன் விட்டுப்போச்சு?” என்று அப்பாட்டி கேட்டபோது என்னிடம் விடை இல்லை. அன்று தொடங்கித்தான் இப்பொருளைப் பற்றிப் படிக்கலானேன். கற்றவற்றுள் ஐந்தினை இங்கே முன்வைக்கிறேன்.

முதலாவது: சோதனையினால் பிழை உண்டு என்று காட்டலாம், பிழையே இல்லை என்று மெய்ப்பிக்க இயலாது. நெதர்லாந்து நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1969 இல் எடுத்துரைத்த உண்மை இது. நூறு வினாக்களுக்குச் சரியாக விடையளித்த மாணவன், நூற்றோராவது வினாவில் தடுமாறலாம் அல்லவா?

இரண்டாவது: அனைத்தையும் சோதித்தல் ஆகாத காரியம். பத்து இலக்க எண்ணை ஏற்கும் ஒரே ஒரு கட்டத்தில் ஆயிரம் கோடி எண்களை இடலாம். நொடிக்கு ஒன்றாகச் சோதித்தாலும் 317 ஆண்டுகள் ஆகும். ஆகவே பிழை ஒளியும் இடமறிந்து தேட வேண்டும். தேர்ச்சி மதிப்பெண் 35 எனில், 34, 35, 36 மூன்றையும் இட்டுப் பார்க்க வேண்டும். பூச்சியத்தையும், நூற்றொன்றையும், தேர்வுக்கு வராதவரின் வெற்றிடத்தையும் இட்டுப் பார்க்க வேண்டும். என் மாணவியின் காலிக் கட்டத்தை எவரும் இட்டுப் பார்க்கவில்லை.

மூன்றாவது: பயன்படும் சூழலிலேயே சோதிக்க வேண்டும். ஏப்ரல் மாதத்தில் வறண்டு கிடக்கும் குற்றாலப் பேரருவியின் கம்பியை ஒருவர் அசைத்துப் பார்த்துவிட்டு, ஜூலை மாதச் சாரல் கூட்டத்தை அது தாங்கும் என்று சொன்னால் ஏற்போமா? 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியேன் 5 ராக்கெட் புறப்பட்ட ஒரு நிமிடத்திற்குள் வெடித்துச் சிதறியது. முந்தைய ஏரியேன் 4 ராக்கெட்டில் பழுதின்றி இயங்கிய மென்பொருளின் ஒரு பகுதியை, புதிய ராக்கெட்டின் பறப்புப் பாதைக்கேற்பச் சோதிக்காமலே அதில் வைத்திருந்தார்கள். புதிய வேகத்தில் எழுந்த எண் அதன் கொள்ளளவை மீறிவிட்டது.

நான்காவது: ஒரே சோதனையை ஆண்டுதோறும் செய்தால் பயன் குன்றும். ஒரே மருந்தைத் தெளித்துக்கொண்டிருந்தால் பூச்சி அதற்குப் பழகிவிடும் என்பதை உழவர்களாகிய நீங்கள் அறிவீர்கள்.

ஐந்தாவதே நமக்கு மிக இன்றியமையாதது. யாரைக் கொண்டு சோதித்தார்கள் என்று கேட்க வேண்டும். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று கூறும் மென்பொருள்களை ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்னும் கறுப்பின ஆராய்ச்சியாளர் இருவர் 2018 இல் ஆராய்ந்தனர். வெளிர்நிற ஆண்களிடம் பிழை நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை. கருநிறப் பெண்களிடம் அது 34.7 விழுக்காடு வரை சென்றது. நம் ஊரிலும், பீடி சுற்றியும் நாற்று நட்டும் ரேகை தேய்ந்த முதியோர், நியாய விலைக் கடையில் விரல் பதியாமல் திகைத்து நின்றதைக் கண்டோம். குற்றம் அவர்தம் விரலில் இல்லை. அத்தகைய விரல்களைப் போதிய அளவு எண்ணிப் பாராமல் அமைத்த ஏற்பாட்டில் உள்ளது.

இனிச் சில கசப்பான உண்மைகள். பிழை கண்டவனுக்கு நன்றி கிடைப்பதரிது. தப்பிய பிழைக்குப் பழி மட்டும் தவறாது வரும். காலம் போதாதபோது முதலில் வெட்டப்படுவது சோதனைக்கான நாட்களே. அச்சுக்குப் போகுமுன் திருத்தினால் ஒரு கோடு போதும். அச்சான பின்னரோ ஆயிரம் பிரதிகளிலும் திருத்தம் ஒட்ட வேண்டும். ஆகவே பிழையை உடனே சொல்லுங்கள்; சான்றுடன் சொல்லுங்கள்; எழுதியவரைப் பழியாமல் சொல்லுங்கள்.

மாணவச் செல்வங்களே! பட்டம் கேளாமல், +2 அல்லது பட்டயப் படிப்பு முடித்தோருக்கு மென்பொருள் கற்பிக்கும் பள்ளியை அதே சோஹோ நிறுவனம் நடத்தி வருகிறது. இத்துறைக்குள் நீங்கள் செல்ல வேண்டும். பாட்டி வீட்டில் வளர்ந்தவனுக்குத்தான் காலிக் கட்டம் நினைவுக்கு வரும். தேய்ந்த விரலைப் பற்றி நடந்தவளுக்குத்தான் அவ்விரலையும் வைத்துச் சோதிக்கத் தோன்றும். உங்கள் வாழ்வு தந்த அவ்வறிவு, இத்துறைக்குத் தேவைப்படும் மூலதனம்.

பெற்றோர்களே! கணிப்பொறி இப்படிச் சொல்கிறது என்று எவரேனும் உங்களைத் திருப்பியனுப்பினால், ‘மீண்டும் சரிபாருங்கள்’ என்று கேளுங்கள். நான் இன்றும் ஒவ்வொரு பட்டியலையும் விரல்விட்டு எண்ணிய பின்னரே கையொப்பமிடுகிறேன். இதனை எனக்குக் கற்பித்தவர் எழுதப் படிக்கத் தெரியாத அம்மூதாட்டியே என்பதை நன்றியுடன் நினைவுகூர்கிறேன்.