பெயர் சொல்லும் காசுகள்



வெண்பா யாப்போர் எவரும் காசை மறத்தல் இயலாது. நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளுள் ஒன்றைக்கொண்டே அப்பாவின் ஈற்றுச்சீர் முடிதல் வேண்டும். யாப்பிலக்கணத்தில் உறுதியாக இடம்பெற்றுவிட்ட காசு, சங்க வேந்தரின் வரலாற்றில் இடம்பெற நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது.

புலவர் பெற்ற பரிசிலைப் பதிற்றுப்பத்தின் பதிகங்கள் எண்ணிட்டுக் கூறுகின்றன. கபிலர் பெற்றது நூறாயிரம் காணம். அரிசில்கிழார் பெற்றது ஒன்பது நூறாயிரம் காணம். இத்தகு சான்றுகள் இருந்தும், சங்க வேந்தர் தம் பெயர் பொறித்த காசு வெளியிட்டிலர் என்ற கருத்தே ஆய்வுலகில் பல்லாண்டு நிலவியது. கையில் எடுத்துக்காட்டக் காசு இல்லாதபோது பாட்டின் சொல்லுக்கு வரலாற்று மதிப்புக் குறைந்தது.

அக்கருத்தை மாற்றியது ஒரு சிறு செப்புக்காசு. தினமலர் நாளிதழின் ஆசிரியராக விளங்கி, 2021ஆம் ஆண்டு மறைந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, 1980களில் அதனைக் கண்டறிந்து உலகிற்கு அறிவித்தார். சதுர வடிவினதாகிய அக்காசின் ஒருபுறம் குதிரையும், தமிழ்ப் பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்ற பெயரும் உள்ளன. மறுபுறம் மீனின் கோட்டுருவம். பாண்டியன் தன் பெயரைத் தானே பொறித்த சான்று அது. பின்னர்ச் சேரர் காசுகளும் வெளிப்பட்டன. கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த வெள்ளிக் காசுகளில் 'மாக்கோதை' என்ற பெயரும், அதன்கீழ் உரோமானியக் காசுகளை நினைவூட்டும் தலையுருவமும் காணப்படுகின்றன. மலையமான் காசுகளும் கிடைத்தன. இவற்றை ஆராய்ந்து 1997இல் கிருஷ்ணமூர்த்தி வெளியிட்ட ஆங்கில நூல், காசு சேர்ப்பது பொழுதுபோக்கு மட்டுமன்று என்பதைக் காட்டியது.

இவ்விடத்தில் இலக்கியம் பயில்வோர்க்கு ஓர் ஆவல் எழுவது இயல்பு. புறநானூற்றின் 245ஆம் பாடல், தன் மனைவியை ஈமத்தீயில் இழந்த மன்னன் ஒருவன் பாடிய கையறுநிலை. அவன் பெயர் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை. அவள் இறந்த பின்னும் தன் உயிர் நீங்கவில்லையே என்று வருந்தியவனின் முகம்தானோ இந்த வெள்ளிக் காசில் இருப்பது? 'ஆம்' என்று சொல்ல நெஞ்சம் விழைகின்றது. காசு அவ்வாறு சொல்லவில்லை. அது பெயரை மட்டுமே தருகின்றது. கோட்டம்பலம் என்ற குறிப்போ, ஆட்சியாண்டோ அதில் இல்லை. ஒரே பெயரைத் தாங்கியோர் ஒரு குடியிற் பலர் உண்டு. பாட்டின் துயரைக் காசின் முகத்தில் ஏற்றிப் படிப்பது கவிஞனுக்கு உரிமை. அதனை வரலாறு என்று எழுதுவது பிழை.

இந்த ஐயத்தைக் குறைக்கவல்லது காசு கிடைத்த இடம். எந்த மண்ணடுக்கில், எவ்வளவு ஆழத்தில், எப்பொருள்களோடு கிடந்தது என்பது தெரிந்தால் காலம் துலங்கும். ஆற்று மணலை அரித்து எடுத்து, வணிகர் கைமாறி வரும் காசு இவற்றையெல்லாம் இழந்தே வருகின்றது. புதுக்கோட்டைப் பகுதியில் கருக்காக்குறிச்சியில் 1898இல் கிடைத்த புதையலை இதனோடு ஒப்பிடலாம். அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான உரோமப் பேரரசர்களின் 501 பொற்காசுகள் அதில் இருந்தன. பெரும்பாலானவற்றில் பேரரசன் தலைமீது உளியால் வெட்டிய தழும்பு. ஒரு காசில் மட்டும் கண்டிருந்தால் அதனைத் தற்செயல் என்றே கொண்டிருப்பர். நூற்றுக்கணக்கில் ஒருங்கே கண்டமையால், அவை நாணயமாக வழங்காமல் வெறும் பொன்னாகவே மதிக்கப்பட வேண்டும் என்று வேண்டுமென்றே வெட்டப்பட்டவை எனக் கருத இடம் ஏற்பட்டது. கூட்டத்தோடு கிடைத்த காசு பேசுகின்றது. பிரிந்து வந்த காசு பெயரை மட்டும் சொல்லி நின்றுவிடுகின்றது.

ஆயினும் சேர்ப்போரைக் குறைகூறுதல் முறையன்று. அவர்கள் கைக்கு வராத காசுகள் சென்ற இடம் பெரும்பாலும் உருக்குக் குகையே. செம்பு விலைக்கும் வெள்ளி விலைக்கும் உருகிப்போன பெயர்கள் எத்தனையோ! எனவே தேவைப்படுவது சேர்ப்பதோடு குறித்துவைக்கும் பழக்கமும் ஆகும்.

வயலிலோ ஆற்றிலோ பழங்காசு கிட்டினால், புளியிட்டுத் தேய்க்காதீர்கள். களிம்போடு சேர்ந்து எழுத்தும் போய்விடும். கிடைத்த ஊர், இடம், ஆழம், நாள் ஆகியவற்றை உடனே எழுதுங்கள். எடையையும் அளவையும் குறியுங்கள். மண்ணில் மறைந்துகிடந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய பொருளை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் அறிவித்தல் வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் விதி. அதனைக் கடைப்பிடியுங்கள்.

ஏடு தேடி ஊரூராய் அலைந்தோரால் சங்கப் பாடல்கள் பிழைத்தன. அப்பாடல்களில் வாழும் மன்னர் சிலரின் பெயர் இன்னும் மண்ணுக்குள் செம்பாகக் கிடக்கலாம். அது வெளிப்படும் நாளில், அதனை எடுக்கும் கை எழுத்தறிந்த கையாக இருத்தல் வேண்டும்.