ஆண்களுக்கும் உண்டு மார்பகப் புற்றுநோய்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய மருத்துவ விழிப்புணர்வு உரையின் எழுத்து வடிவம்)

    

தலைப்பைக் கேட்டதும் சிலருடைய முகத்தில் புன்னகை அரும்புகிறது. வியப்பில்லை. மார்பகம் என்னும் சொல்லே நம் பேச்சில் பெண்ணுக்குரியதாகிவிட்டது. ஆணுக்கு நாம் சொல்வது மார்பு, நெஞ்சு. நெஞ்சில் வலி கண்டால் நள்ளிரவிலும் ஆட்டோ பிடித்து ஓடுகிற நாம், அதே நெஞ்சில் வலியில்லாத கட்டியொன்று தட்டுப்பட்டால் மாதக்கணக்கில் சும்மா இருந்துவிடுகிறோம்.

ஆணின் மார்புக் காம்புக்குப் பின்னாலும் பால் நாளங்களின் மிச்சம் சிறிதளவு இருக்கிறது. புற்று அங்குதான் தோன்றுகிறது. மார்பகப் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ 100 பேருக்கு ஒருவர் ஆண். பெரும்பாலும் 60 வயதையொட்டியோ அதைக் கடந்தோ வருகிறது. அரிய நோய்தான், அச்சப்பட வேண்டியதில்லை. ஆயினும் ஆண்கள் மருத்துவரிடம் வந்து சேரும்போது நோய் முற்றியிருப்பதே அதிகம். பெண்ணுக்கு உள்ளதுபோல் சதைப்பற்று இல்லாததால், சிறு கட்டியும் விரைவில் தோலையும் அடியிலுள்ள தசையையும் எட்டிவிடுகிறது. அதே காரணத்தால் அது விரலுக்கும் எளிதில் அகப்படும். அகப்பட்டும் நாம் போவதில்லை! கொழுப்புக்கட்டி என்போம், சூட்டுக்கட்டி என்று பத்துப் போடுவோம். நெசவுக்குப் பெயர் பெற்ற இவ்வூரில், தறியில் இடித்துக்கொண்ட வீக்கம் என்றும் சொல்லிக்கொள்ளலாம். இடிபட்டதால் புற்று வருவதில்லை. இடிபட்ட இடத்தைத் தொட்டுப் பார்க்கையில் ஏற்கெனவே இருந்த கட்டி தெரியவருவதுண்டு.

அமெரிக்கப் பாடகி பியான்சேயின் தந்தை மேத்யூ நோல்ஸ் 2019ஆம் ஆண்டில் தம் வெள்ளைச் சட்டையில் சிறு இரத்தப் புள்ளியைக் கண்டார். படுக்கை விரிப்பிலும் அத்தகைய புள்ளிகள் இருந்ததை அவர் மனைவி கவனித்திருந்தார். பரிசோதனையில் மார்பகப் புற்று என உறுதியாயிற்று. ஜூலை மாதத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. அக்டோபரில் அவரே தொலைக்காட்சியில் தோன்றி ஊரறியச் சொன்னார். அதற்கு முன்பே, 2002இல் இந்நோய் கண்ட முன்னாள் செனட்டர் எட்வர்ட் புரூக், ஆண்களிடையே இதைப் பற்றிப் பேசத் தயங்கவில்லை. செல்வாக்குள்ள மனிதர்கள் வெட்கத்தை விட்டார்கள் என்பதற்காகவே இவற்றைச் சொல்கிறேன். நம்மவர் வெள்ளை பனியன்தான் அணிகிறார்கள். அதைத் துவைக்கும் சகோதரிகளே, மார்புப் பக்கத்தில் கறை கண்டால் கேளுங்கள்.

காம்பின் அடியில் அல்லது அருகில் கெட்டியான, பெரும்பாலும் வலியற்ற கட்டி, காம்பு உள்ளிழுத்துக்கொள்வது, நீரோ இரத்தமோ கசிவது, தோல் சுருங்குவது, ஆறாத புண், அக்குளில் நெறிக்கட்டு. இவற்றுள் ஒன்று இருந்தாலும் போதும், காட்டிவிட வேண்டும். அக்குள் முடி களைவது நமக்குச் சுன்னத் அல்லவா? அந்நேரத்தில் அக்குளையும் மார்பையும் விரல்களால் தடவிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும். பருவ வயதுப் பிள்ளைகளுக்கு மார்பு சற்றுப் புடைப்பது ஹார்மோன் மாற்றத்தால். அது புற்றன்று, பெரும்பாலும் தானே அடங்கும். அவர்களைக் கேலி செய்யாதீர்கள். கேலிக்கு அஞ்சிய பிள்ளை, பெரியவனான பின்னும் சட்டையைக் கழற்றிக் காட்ட மாட்டான்.

கல்லீரல் கெட்டுப்போதல், உடற்பருமன், முன்பு மார்பில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றிருத்தல் ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். ஆனால் தந்தையர் அனைவரும் கவனிக்க வேண்டியது மரபணு. 1995இல் கண்டறியப்பட்ட பிஆர்சிஏ 2 என்னும் மரபணுவில் பிறவிப் பழுது இருந்தால், ஆணுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு உயர்கிறது. மேத்யூ நோல்ஸிடம் கண்டதும் அப்பழுதே. அது தந்தையிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்புடன் செல்கிறது. அதைப் பெற்ற பெண் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்று வரக்கூடும். தம் நோயை மறைக்கும் தகப்பன், மகளுக்குச் சேர வேண்டிய எச்சரிக்கையையும் மறைத்துவிடுகிறார். தாய்க்கோ சகோதரிக்கோ இந்நோய் வந்திருந்தால், ஆண்களும் மருத்துவரிடம் அதைச் சொல்லி மரபணு ஆலோசனை கேட்க வேண்டும்.

மேமோகிராம், ஸ்கேன், ஊசியால் திசு எடுத்துச் சோதித்தல் யாவும் ஆண்களுக்கும் உண்டு. மேமோகிராம் அறையின் வாசலில் பெண்களே அமர்ந்திருப்பதைப் பார்த்துத் திரும்பிவிடக் கூடாது. தொடக்கத்தில் வந்தால் அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் தீரும். ஆண்களின் மார்பகப் புற்றில் 10க்கு 9 ஹார்மோனைச் சார்ந்து வளர்வதால், டமாக்சிபென் மாத்திரை நன்கு பயன் தருகிறது. அதனை வழக்கமாக 5 ஆண்டுகள் தவறாமல் உட்கொள்ள வேண்டும். உடல் தேறியதும் நிறுத்திவிடுவது பெருந்தவறு.

எங்கே செல்வது? முதலில் குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில் காட்டலாம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய புற்றுநோய் நிலையம், நம் ஊரோரம் ஓடும் ஆறு கடல் சேரும் அடையாற்றிலேயே இருக்கிறது. இராயப்பேட்டை அரசு மருத்துவமனையிலும், காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அறிஞர் அண்ணா நினைவு மருத்துவமனையிலும் புற்றுநோய்ச் சிகிச்சை உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்போர் குடும்ப அட்டையுடன் அதையும் எடுத்துச் செல்லுங்கள். தனியே போகக் கூச்சமாயிருந்தால் மனைவியையோ மகனையோ அழைத்துக்கொள்ளுங்கள்; மருத்துவர் சொல்வதைக் கேட்டு நினைவில் வைக்க இன்னொருவர் உடனிருப்பது எப்படியும் நல்லது.