டைனோசர் வரட்டும், கேள்வியும் வரட்டும்
(குழந்தைகள் தின விழாவில் பேசியது)



அடுத்த விழாவுக்கு டைனோசர் வேணும்னு நம்ம பிள்ளைகள் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ‘எர்த்’ நாடகக் குழு ஆளுயரப் பொம்மை டைனோசர்களை மேடையேற்றி அறிவியல் சொல்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அலறிச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனால் போதுமா?

2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்தன. ‘டைனோசர் முட்டை’ என்று வாட்ஸ்அப்பில் பரவியது. நம்மில் பலரும் அனுப்பியிருப்போம். நிபுணர்கள் பார்த்தார்கள், முட்டை இல்லை, அம்மோனைட் என்ற கடல் உயிரி சார்ந்த படிவங்கள் என்றார்கள். அந்தப் பகுதி ஒரு காலத்தில் கடலாக இருந்தது. பக்கத்து அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் நிஜமான டைனோசர் எலும்புகளே கிடைத்திருக்கின்றன.

நம்ம நாஞ்சில் நாட்டு மலைகளில் தேடினால் கிடைக்காது. இந்தப் பாறைகள் டைனோசர்களைவிட மூத்தவை. பூமிக்கடியில் கடும் வெப்பத்தில் உருமாறியவை.

அதனால் என் வேண்டுகோள் ஒன்றே. டைனோசர் வேடம் வரட்டும். கூடவே புவியியல் தெரிந்த ஓர் ஆசிரியரையும் அழைப்போம். ஆட்டம் பாதி நேரம், ‘இது எப்படித் தெரியும்?’ என்று பிள்ளைகள் கேட்பது மீதி நேரம். அப்படிக் கேட்டுப் பழகிய பிள்ளை, நாளைக்கு வாட்ஸ்அப்பில் வருவதையும் கேட்டுப் பார்க்கும்.