சிறு மந்தையும் பொலிகிடாவும்



மேல்மலையனூர் வட்டாரம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. மணிலா பொய்த்த ஆண்டில் சிறு குடியானவரின் கையிருப்பு, பட்டியில் நிற்கும் பத்து இருபது செம்மறிகளே. பிள்ளையின் படிப்புச் செலவுக்கென்று செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஓட்டிச் செல்லப்படுவனவும் அவையே. அம்மந்தையில் ஐந்து ஆடுகள் மடிந்தால், அவ்வீட்டின் ஓராண்டுத் திட்டமே மடிந்ததாகும்.

நம் பக்கத்துக்குரிய இனம் சென்னைச் சிவப்பு. கம்பளிக்கன்று, இறைச்சிக்கே உரியது. வெயிலையும் மேய்ச்சற் குறைவையும் பொறுத்துக்கொள்ளும். இதனைக் கைவிட்டு வேற்றினம் தேடி அலைவானேன்?

குறை இனத்தில் இல்லை; கிடாவைத் தெரிந்தெடுப்பதில் இருக்கிறது. விரைந்து வளர்ந்த கொழுத்த ஆண்குட்டிக்கு நல்ல விலை கிடைப்பதால், அதுவே முதலில் விலைபோகிறது. விலைபோகாத நோஞ்சான் மந்தைக்குத் தந்தையாகிறது! தலைமுறைதோறும் நல்ல வித்தை விற்றுவிட்டுப் பதரை விதைக்கிறோம். 25 முதல் 30 பெட்டைகளுக்கு ஒரு கிடா போதும். அதனையும் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். இல்லையேல் தன் மகளையே சேர்ந்து, குட்டிகள் மெலியும். புதிதாக வாங்க இயலாதவர்கள், நோயற்ற மந்தையுடைய அயலூராரோடு கிடாவை மாற்றிக்கொள்ளலாம்.

சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். இறுதி ஆறு வாரங்களில் குட்டி வயிற்றினுள் விரைந்து வளரும். அப்போது மேய்ச்சல் மட்டும் போதாது. மணிலாக் கொடியும் சிறிது அடர்தீவனமும் கொடுத்தல் வேண்டும். ஈன்ற ஒரு மணி நேரத்திற்குள் குட்டி சீம்பால் குடித்தாக வேண்டும். தொப்புளில் அயோடின் தடவுக.

இனி நோய்கள். 1987ஆம் ஆண்டில், அந்நாளைய தென்னார்க்காடு மாவட்டத்து அரசூரில்தான் ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அரசூர் இன்று நம் விழுப்புரம் மாவட்டத்து ஊர். மாட்டு வெக்கை நோய்க்கு உறவான நோய் இது. காய்ச்சல், மூக்கிலும் கண்ணிலும் சளி, வாய்ப்புண், கழிச்சல் என்று வந்து மந்தையைச் சூறையாடும். ஆனால் அதே அரசூரில் கிடைத்த நச்சுயிரியிலிருந்து தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் தடுப்பூசி ஆக்கினர். அதற்கு ‘அரசூர் 87’ என்றே பெயர். நோயால் அறியப்பட்ட ஊர் மருந்தாலும் அறியப்படலாயிற்று. வெக்கை நோய் 2011இல் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆட்டுக்கொல்லியையும் 2030க்குள் ஒழிக்க உலக நாடுகள் குறிக்கோள் கொண்டுள்ளன.

துள்ளுமாரி வேறு வகை. மழைக்குப் பின் தளிர்ப்புல்லை வயிறு புடைக்க மேய்ந்த நல்ல ஆடே திடீரெனத் துள்ளி விழுந்து சாகும். வந்தபின் மருந்து தேட நேரமிராது. ஆதலால் மழைக்கு முன்பே ஊசி போட்டுவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் சிறு கொசுவினப் பூச்சிகளால் பரவும் நீலநாக்கு நோய்க்கும் தடுப்பூசி உண்டு. நத்தைகள் மலிந்த ஏரியோரச் சேற்றில் மேய விட்டால் கல்லீரல் தட்டைப்புழு சேரும்.

சந்தையில் வாங்கிய ஆட்டை அன்று மாலையே பட்டியில் சேர்க்கும் வழக்கத்தை விட்டொழியுங்கள். மூன்று வாரம் தனியே கட்டிவைத்து, தீனியும் தண்ணீரும் தனித்தொட்டியில் வைத்து, கால்நடை மருந்தகத்தில் காட்டித் தடுப்பூசி போட்டபின் மந்தையில் விடுங்கள்.